சுண்ணாம்புப் பாறையின் சாம்பல் இலை

குரோஷியாவின் கடலோரத்தில் பாக் என்றொரு தீவு இருக்கிறது. எதிரே வெலெபிட் மலைத்தொடர், சுற்றிலும் அத்ரியாடிக் கடல். குளிர்காலம் வந்தால் அந்த மலையிலிருந்து ‘பூரா’ என்னும் காற்று இறங்கும். அலையின் நுனியைச் சீவி, உப்புத் திவலையாக்கித் தீவின் மேல் வாரி இறைத்துவிட்டுப் போகும். மலையைப் பார்த்த பக்கத்தில் மரம் கிடையாது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையும், அதன் இடுக்குகளில் பிடிப்பிடியாகச் சிக்கிய மண்ணும்தான். அந்த இடுக்கில், முழங்கால் உயரத்தில், சாம்பல் பூத்த இலையோடு ஒரு புதர் உட்கார்ந்திருக்கும். அதுதான் சேஜ்.

அங்கே மேயும் செம்மறி ஆடுகள் உப்பு படிந்த புல்லோடு இந்தப் புதரையும் கடிக்கின்றன. பாக் தீவின் பாலாடைக்கட்டிக்கு ஐரோப்பாவில் தனிப் பெயர் உண்டு. அதன் மணத்துக்குக் காரணம் கேட்டால் தீவுக்காரர்கள் உப்பையும் சேஜையும் சேர்த்தே சொல்வார்கள். அந்தக் கடற்கரை முழுவதும், செடி ஊதாநீலமாகப் பூக்கும் நாட்களில் தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைப்பார்கள். சேஜ் தேன் அங்கே விலை கூடிய சரக்கு.

இந்தச் செடியை மருந்தென்று உலகம் 2000 ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அந்தப் பேச்சுக்குப் போகுமுன் பாறையைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சேஜ் இலைக்குள் இருக்கும் எதுவும் நமக்காகச் செய்யப்பட்டதல்ல. வெயில், உப்புக்காற்று, வறட்சி, ஆட்டின் பல், பூஞ்சை ஆகியவற்றோடு அந்தச் செடி நடத்தும் பிழைப்பில் உண்டானது அது. எப்படி வளர்ப்பது, எப்படிக் காய்ச்சுவது, எங்கே நிறுத்திக்கொள்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் அந்தப் பிழைப்பில்தான் இருக்கிறது.

ஒரு இலையைப் பறித்து விரல்களுக்கிடையில் வைத்துப் பாருங்கள். வெல்வெட் துணிபோல் இருக்கும். மேற்பரப்பு மட்டும் தவளைத் தோல்போல் பொரிப்பொரியாக இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றை இலையின் அடிப்பக்கத்தில் பிடித்தால், முதலில் தெரிவது மயிர்க்காடு. வெள்ளை மயிர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இலைக்குச் சாம்பல் நிறம் வருவது இவற்றால்தான். இவை வெயிலில் ஒரு பங்கைத் திருப்பியனுப்பிவிடும். இலையை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப்படலத்தை நிறுத்திவைத்து, ஈரம் ஓடிவிடாமல் காக்கும்.

லென்ஸைச் சற்றே சாய்த்தால் மயிர்களுக்கு நடுவே மினுமினுக்கும் சின்னச் சின்னக் குமிழிகள் தெரியும். அவைதான் எண்ணெய்ச் சுரப்பிகள். தங்களை மூடிய மெல்லிய மேலுறையை உப்பச்செய்து அதன் அடியில் எண்ணெயைத் தேக்கிவைக்கின்றன. ஆடு கடித்தாலோ, பூச்சி அரித்தாலோ, நாம் விரலால் கசக்கினாலோ குமிழி உடையும். கற்பூரமும் தைலமும் கலந்த ஒரு வாடை குப்பென்று மூக்கில் ஏறும். நமக்கு நறுமணம், பூச்சிக்கு அது ‘கிட்டே வராதே’ என்ற எச்சரிக்கை.

இந்த அமைப்பைத் தமிழ் வாசகர்கள் பார்க்காதவர்கள் அல்லர். துளசி, புதினா, கற்பூரவல்லி, தும்பை, பேய்மிரட்டி எல்லாமே சேஜுக்குப் பங்காளிகள். தாவரவியலில் லாமியேசி என்று பெயர். துளசிக் குடும்பம் என்றே சொல்லலாம். தண்டை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தால் நாலு பட்டையாக நெருடும். இலைகள் எதிரெதிராக ஜோடி போட்டு நிற்கும். அடுத்த ஜோடி குறுக்கே திரும்பியிருக்கும். பூவுக்கு மேலுதடு, கீழுதடு என்று இரண்டு உதடுகள். சளி பிடித்த பிள்ளைக்குக் கற்பூரவல்லியை வாட்டிச் சாறு எடுத்த ஒவ்வொரு பாட்டிக்கும், சேஜ் கஷாயம் வைத்த ஐரோப்பியப் பாட்டியின் தர்க்கம் சட்டென்று புரிந்துவிடும்.

சேஜின் பேரினமான சால்வியாவில் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் உண்டு. நம் பூங்காக்களில் செக்கச்செவேலென்று பாத்தி கட்டி நிற்கும் சால்வியாப் பூ அதில் ஒன்று. மளிகைக் கடையில் இப்போது கிடைக்கும் சியா விதை இன்னொன்று. சப்ஜா விதையையும் சியாவையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் தண்ணீரில் ஊறினால் கொழகொழப்புப் போர்வை போர்த்திக்கொள்ளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால் குழப்பத்தில் வியப்பில்லை. ஆனால் சப்ஜா துளசியினம், சியா சால்வியா. ரோஸ்மேரியையும் 2017இல் தாவரவியலாளர்கள் சால்வியாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். மரபணுவைப் பார்த்தபோது அது சேஜுக்குள்ளேயே கிளைத்த செடி என்று தெரிந்தது.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் ஞானியைக் குறிக்கும் சொல்லும் இந்தச் செடியின் பெயரும் ஒன்றுபோலவே ஒலிப்பதால், தமிழில் இதை ‘முனிவர் இலை’ என்று பெயர்த்திருப்பதைக் கண்டிருக்கிறேன். இரண்டு சொற்களுக்கும் உறவில்லை. ஞானியின் சொல், அறிதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. செடியின் சொல், நலம் என்ற பொருளுள்ள ‘சால்வுஸ்’ என்பதிலிருந்து சால்வியாவாகி, பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து சேஜ் ஆனது. நலம் தரும் செடி என்பதுதான் பொருள்.

இனி வளர்ப்பு. நான் முதலில் சேஜ் வைத்தது மதுரையில் மொட்டைமாடியில். தொட்டியில் கரிசல்மண்ணும் தொழுவுரமும் தாராளமாகப் போட்டு, துளசிக்கு ஊற்றுவதுபோல் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஆவணி வரைக்கும் தளதளவென்றிருந்தது. ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் இலைகள் கறுத்துத் தொங்கின. பிடித்து இழுத்தேன். வேர் கையோடு வந்தது, வெந்த கீரைத்தண்டுபோல். அந்தச் செடி பஞ்சத்தில் சாகவில்லை. என் கவனிப்பில்தான் செத்தது. பாறை இடுக்கில் வாழப் பழகிய வேருக்குத் தண்ணீர் தேங்கினால் மூச்சு இல்லை. மூச்சுமுட்டிய வேரை மண்ணில் இருக்கும் அழுகல் பூஞ்சைகள் இரண்டே நாளில் தின்றுவிடும்.

பிறகு கோத்தகிரியில் தங்கை வீட்டுத் தோட்டத்தில் வைத்தோம். குளிர் ஒத்துக்கொண்டது, மார்கழிப் பனி இதை ஒன்றும் செய்யாது. ஆனால் அங்கே வேறு சிக்கல். தேயிலை செழிக்கும் மண் புளிப்பு மண். சேஜ் சுண்ணாம்புக்குப் பிறந்த செடி. பாத்தியை ஓரடி உயர்த்தி, பாதிக்குப் பாதி சரளையும் மணலும் கலந்து, தேயிலைத் தோட்டங்களில் புளிப்பை முறிக்கப் போடும் டோலமைட்டை ஒரு கை தூவிய பிறகுதான் செடி நிலைத்தது. சமவெளியில் ஆசைப்படுகிறவர்கள் கார்த்திகையில், மழை ஓய்ந்த பின் நட்டு, பங்குனிவரை இலை எடுத்துக்கொள்ளலாம். வெளியே பூச்சு இல்லாத மண்தொட்டி, அடியில் ஓட்டாஞ்சில்லு, மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். இரவிலும் வெக்கை தணியாத சித்திரையை அது தாண்டினால் நல்லது; தாண்டாவிட்டால் அதன்மேல் குறை இல்லை.

விதை முளைக்க இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதைவிடப் போத்து நல்லது. முற்றாத கிளைநுனியில் ஒரு விரல்நீளம் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் தேங்காய்நார்க் கழிவும் சமமாகக் கலந்ததில் செருகி நிழலில் வைத்தால், ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் வேர் இறங்கும். தாழ்ந்த கிளையை மண்ணில் மடக்கிக் கல்லை வைத்துப் பதியன் போட்டாலும் சரி. உரத்தை அள்ளிப் போட்டால் இலை பெரிதாக, பச்சைப்பசேலென்று வரும், ஆனால் வாசனை நீர்த்துப்போகும். தங்கை ஒரு பாத்திக்கு உரம் வைத்து, ஒன்றைச் சும்மா விட்டுப் பார்த்தாள். சும்மா விட்ட பாத்தியின் இலை சிறிது, ஆனால் கசக்கினால் வாசலில் நிற்பவருக்கு மணந்தது.

இரண்டாம் ஆண்டு பூத்தது. பூவைப் பார்க்க ஒரு ஈர்க்குச்சி போதும். கீழுதட்டில் தேனீ இறங்கித் தேனுக்காகத் தலையை உள்ளே விடும் இடத்தில், குச்சியை மெல்ல நுழைக்கவேண்டும். உள்ளே ஒரு சிறு தகடு தடுக்கும். அதை அழுத்தியதும், மேலுதட்டுக்குள் ஒளிந்திருந்த மகரந்தப் பை ஏற்றக்கோல்போல் கீழே சாய்ந்து குச்சியின் முதுகில் மஞ்சள் பொடியைத் தடவும். குச்சியை எடுத்தால் பழையபடி மேலே போய்விடும். கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானிய ஆசிரியர் 1793இல் வெளியிட்ட நூலில், சால்வியாப் பூவின் இந்தப் பொறியையும் வரைந்து விளக்கியிருந்தார். பூவின் அழகு பூச்சிக்கானது என்று அவர் சொன்னதை அன்று அதிகம் பேர் காதில் வாங்கவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின் டார்வின்தான் அந்த நூலைத் தூசி தட்டி மதித்தார்.

பூத்து முடிந்ததும் கத்தரிக்கவேண்டும். இல்லாவிட்டால் சேஜ் அடியில் மரமாகி, நடுவில் வழுக்கை விழுந்து, கிளை பிளந்துவிடும். பச்சை இலை இருக்கும் பகுதியோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். வெறும் கட்டையை வெட்டினால் அங்கிருந்து பெரும்பாலும் துளிர்க்காது. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை போத்திலிருந்து புதுச்செடியே வைத்துவிடுவது நல்லது. இந்தப் பாடத்தை முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் ஒரு துறவி. இன்றைய ஜெர்மனியின் எல்லையில், கான்ஸ்டன்ஸ் ஏரித் தீவான ரைக்கனாவில் மடாதிபதியாக இருந்து 849இல் இறந்த வாலாஃப்ரிட் ஸ்ட்ராபோ. தன் தோட்டத்துச் செடிகளைப் பற்றி அவர் லத்தீனில் பாடிய கவிதையில் முதலில் வரும் செடி சேஜ். புதுத்துளிரை அகற்றாவிட்டால் அது மூத்த தண்டை நெரித்துக் கொல்லும் என்று, ஒரு வீட்டுக்குள் நடக்கும் சண்டையைப்போல் அவர் வருணிக்கிறார். மண்ணில் கைவைத்த மனிதரால்தான் அப்படி எழுதமுடியும்.

அந்தக் காலத்தில் மடங்கள்தான் மருத்துவமனைகள். 800ஆம் ஆண்டையொட்டி, சார்லமேன் பேரரசரின் பண்ணைகளில் வளர்க்கவேண்டியவை என்று எழுபதுக்கும் மேற்பட்ட செடிகளைப் பட்டியலிட்ட ஆணையில் சேஜ் இருக்கிறது. அடுத்த சில பத்தாண்டுகளில் வரையப்பட்ட செயின்ட் கால் மடத்தின் வரைபடம் இன்றும் இருக்கிறது. மருத்துவர் வீட்டுப் பக்கத்தில் பதினாறு பாத்திகள். ஒவ்வொன்றிலும் செடியின் பெயர். சேஜ், ரோஸ்மேரி, புதினா. அவற்றோடு நமக்குத் தெரிந்த வெந்தயமும் சீரகமும். மடத்தில் மருந்துச்சரக்கு வைக்கும் அறைக்கு ‘ஒஃபிசினா’ என்று பெயர். 1753இல் லின்னேயஸ் இதற்குச் சால்வியா ஒஃபிசினாலிஸ் என்று பெயரிட்டபோது அந்தச் சரக்கறை பெயரிலேயே தங்கிவிட்டது.

எதற்கெல்லாம் கொடுத்தார்கள்? முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் டயஸ்கொரிடிஸ் சிறுநீர் இறங்கவும், மாதவிலக்கு வரவும், காயத்தின் ரத்தம் நிற்கவும் எழுதிவைத்தார். நரையைக் கறுப்பாக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். தொண்டைப் புண்ணுக்கு வாய் கொப்பளித்தார்கள். ஈறு வீங்கினால் இலையைத் தேய்த்தார்கள். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கும் தாய்மார் பால் வற்றக் குடித்தார்கள். காசநோயாளிகளின் இரவு வியர்வைக்குக் கொடுத்தார்கள். லண்டனில் 1597இல் மூலிகை நூல் வெளியிட்ட ஜான் ஜெரார்ட், தலைக்கும் நினைவுக்கும் நல்லது என்று அழுத்திச் சொன்னார். பாலஸ்தீனத்தில் இதன் நெருங்கிய உறவினமான மூன்றிலைச் சேஜை ‘மரமிய்யா’ என்று அழைத்து இன்றும் தேநீரில் போடுகிறார்கள். வயிற்றுவலிக்கு முதல் கைமருந்து அதுதான்.

இவ்வளவு நீண்ட பட்டியலைப் பார்த்தால் சந்தேகப்படுவது நியாயம். பட்டியல் முழுவதையும் தூக்கி எறிவது நியாயமல்ல. ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கலாம், சோதித்திருக்கிறார்கள்.

தொண்டையில் சேஜ் நன்றாகவே தேறியது. தொண்டை அழற்சி வந்த 286 பேரிடம் 2006இல் வெளியான ஓர் ஆய்வு, சேஜ் சாற்றுத் தெளிப்பானையும் வெறும் போலித் தெளிப்பானையும் ஒப்பிட்டது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 15 சதவீதச் சாறு தெளித்துக்கொண்டவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது. வலி தணிவது முதல் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்தது. காரணமும் புரியக்கூடியதுதான். இலையில் இருக்கும் டேனின் வகைப் பொருள்கள் வீங்கிய சவ்வைச் சுருக்குகின்றன. ரோஸ்மரினிக் அமிலம் அழற்சியைத் தணிக்கிறது. துளசியிலும் புதினாவிலும் இருக்கும் அதே அமிலம்தான்.

வியர்வைக் கதையில் இவ்வளவு தெளிவு இல்லை. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் திடீரென்று உடம்பெல்லாம் அனல் பரவி வியர்க்குமே, அந்தத் தொல்லை உள்ள 71 பெண்களுக்குச் சுவிட்சர்லாந்தில் எட்டு வாரம் சேஜ் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. நான்கு வாரத்தில் பாதியும், எட்டு வாரத்தில் 64 சதவீதமும் தொல்லை குறைந்தது. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் போலி மாத்திரை வாங்கிய அணி கிடையாது. இதே தொல்லைக்கான வேறு ஆய்வுகளில், வெறும் மாவு மாத்திரை வாங்கிய பெண்களுக்கே பாதிக்கு மேல் குறைந்ததுண்டு. ஆகவே அந்த 64இல் சேஜின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வைக்கொண்டு பிரித்துச் சொல்லமுடியாது. இந்த எண் விளம்பரங்களில் வரும்போது இதையும் நினைவில் வைக்கவேண்டும்.

நினைவாற்றல் விஷயத்தில் ஜெரார்டின் சொல் வியப்பான இடத்தில் வந்து நிற்கிறது. மூளையில் நினைவைப் பதிக்க அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் தேவை. வேலை முடிந்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். அல்சைமர் நோயில் அசிட்டைல்கோலின் பற்றாக்குறையாகிவிடுவதால், அந்த நொதியைக் கட்டிப்போடும் மருந்துகளை மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். சேஜ் சாறும் சோதனைக்குழாயில் அதே நொதியைத் தடுக்கிறது. இங்கிலாந்தில் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தார் 2003இல், ஸ்பானியச் சேஜின் எண்ணெயை உறையிலிட்டு ஆரோக்கியமான இளைஞர்களுக்குக் கொடுத்தபோது, கேட்ட சொற்களை அவர்கள் சற்றுக் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள். அதே ஆண்டு டெஹ்ரானில் நடந்த நான்கு மாதச் சிறு ஆய்வில், லேசானது முதல் மிதமானது வரையிலான அல்சைமர் உள்ள நோயாளிகளிடமும் முன்னேற்றம் தெரிந்தது. எல்லாம் சின்ன ஆய்வுகள்தான். பெரிய அளவில் யாராவது செய்து பார்க்கவேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். அதுவரை, தாத்தாவின் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சேஜ் டீ போட்டுக்கொடுப்பது பெரும் தவறு.

ஸ்பானியச் சேஜைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதில் துஜோன் என்ற வேதிப்பொருள் மிகக் குறைவு. நாம் பேசும் சாதாரணச் சேஜின் எண்ணெயிலோ துஜோன்தான் தலைவன். குரோஷியக் கடற்கரையின் பெயரால் டால்மேஷியச் சேஜ் எனப்படும் இதன் எண்ணெயில், பன்னாட்டுத் தரவரையறைப்படி, ஆல்ஃபா துஜோன் மட்டும் 18 முதல் 43 சதவீதம் இருக்கவேண்டும். பீட்டா துஜோன் அதோடு கூடுதலாகச் சேரும். மூளை நரம்புகளுக்கு காபா என்ற வேதிப்பொருள்தான் பிரேக். துஜோன் அந்தப் பிரேக்கைப் பிடிக்கவிடாமல் செய்கிறது என்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் கசிடாவின் குழு 2000இல் காட்டியது. பிரேக் இல்லாத நரம்புகள் கட்டுக்கடங்காமல் துடித்தால் அது வலிப்பு. சேஜ் எண்ணெய் உள்ளே போய்ச் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

அப்படியானால் டீ? இங்கேதான் பாட்டிகளின் முறைக்கு வேதியியல் கைகொடுக்கிறது. துஜோன் தண்ணீரில் லேசில் கரையாது. ஜெர்மனிக் கடைகளில் வாங்கிய சேஜ் டீயை அளந்தபோது லிட்டருக்குச் சராசரியாக 4 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் இருந்தது. 150 மில்லிலிட்டர் குவளையில் முக்கால் மில்லிகிராமுக்கும் கீழே. நாளொன்றுக்கு ஐந்தாறு மில்லிகிராம் துஜோனைத் தாண்டவேண்டாம் என்பது ஐரோப்பிய மருந்து முகமையின் கணக்கு. இரண்டு மூன்று குவளை குடித்தாலும் பாதியைக்கூடத் தொடாது. இப்போது எண்ணெய்க் கணக்கைப் பாருங்கள். ஒரு சொட்டு ஏறத்தாழ 30 மில்லிகிராம். தரவரையறையின் மிகக் குறைந்த அளவை வைத்துக்கொண்டாலும் அதில் 6 மில்லிகிராம் துஜோன் இருக்கும். மேல் அளவென்றால் 15ஐத் தாண்டும். ஒரே ஒரு சொட்டு, ஒரு நாள் கணக்கைத் தீர்த்துவிடுகிறது.

மடத்துத் துறவியும் பாலஸ்தீனத்துத் தாயும் அனுபவத்தில் நம்பியது இலையை, அதுவும் வெந்நீரில் போட்ட இலையை. பாறைச்செடி ஆட்டுக்கெதிராகக் குமிழி குமிழியாகச் சேர்த்த ஆயுதத்தை, ஆவியில் வடித்துச் சின்னக் குப்பியில் அடைத்து, ‘இயற்கையானது’ என்று சீட்டு ஒட்டி விற்பது வேறு பொருள். குப்பி வாங்குகிறவர்கள் அதைக் குடிக்கவே கூடாது. கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும், வலிப்பு நோய் உள்ளவர்களும் டீயையும் தவிர்க்கவேண்டும். மற்றவர்களும் வாரக்கணக்கில் தொடர்ந்து குடிக்கவேண்டியதில்லை.

தொண்டைக்கு மட்டும் வேண்டுமென்றால் கைமுறை எளிது. பூக்கத் தொடங்குமுன், பனி உலர்ந்த காலையில் கிளைநுனிகளைக் கிள்ளி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு, இலை நொறுங்கும் பதம் வரும்வரை உலர்த்தவேண்டும். இரண்டரை கிராம் உலர்ந்த இலைக்கு 100 மில்லிலிட்டர் கொதித்த நீர். சமையல்கரண்டியில் அளக்கவேண்டாம், இலை பஞ்சுபோல் லேசானது, கண்ணளவு ஏமாற்றும். மூடிவைத்துப் பத்து நிமிடம் கழித்து வடிகட்டினால், பழுப்புப் பச்சையாக, நாக்கைச் சுருட்டும் துவர்ப்போடு இருக்கும். இளஞ்சூடாக வாயில் ஊற்றி, அண்ணாந்து, தொண்டையில் கரகரவென்று நிறுத்திக் கொப்பளித்து, துப்பிவிடவேண்டும்.